அறுத்தெடுத்த பக்கங்கள்

12.8.1986, செவ்வாய், இரவு

நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. பள்ளியை விட்ட நான் பத்தாவதைப் பிரைவேட்டாக எழுத இங்கிலீஷ் இலக்கணம் வேண்டும். காசில்லாமல் முழுசாகப் படிக்கக் கிடைப்பது பாப்பாரப்பட்டி நூலகத்துத் தடிப் புத்தகம் ஒன்றுதான். வீட்டுக்குத் தரமாட்டார்கள். இன்று கூச்சத்தை விட்டுப் போய்த் திறந்தால், நடுவில் ஒரு கொத்துப் பக்கங்களே இல்லை. யாரோ பிளேடால் அறுத்திருந்தார்கள்.

"டுடோரியல் வாத்தியாரு பாடம் நடத்த அந்தப் பக்கங்கள எடுத்துட்டுப் போனாரு. அங்கயே சேந்துக்க பாப்பா, பீஸ் கொறச்சுக்குவாரு," என்றார் நூலகர், பல்லைக் குத்திக்கொண்டே.

எல்லாருக்கும் வைத்த புத்தகம் இல்லையா என்று கேட்க வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். என்மேலும் அருவருப்பு.

நாளை நூலகக் கதவு திறக்கும்போதே போக வேண்டும். அந்த வாத்தியார் மறுபடி வருவதற்குள் மிச்சப் பக்கங்களைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். பேனாவில் மை குறைகிறது. நாளை எழுத அது வேண்டும், நிறுத்துகிறேன்.