வாசலில் மிஞ்சிய சப்பாத்து

மோர்னிங்சைட்,
நவம்பர் 9

என் மகள் ஷரோனுக்கு,

தொலைபேசியில் நீ அப்பாவின் நம்பரைத் தடுத்துவைத்திருக்கிறாய். அதனால் முத்திரை ஒட்டி எழுதுகிறேன். நீ போயிருக்கிற ஏஞ்சலா சின்னம்மாவின் பிக்கரிங் வீடு காரில் இருபது நிமிடம், கடிதம் வந்து சேர மூன்று நாளாகுமாம். அம்மா சுகம். என்னோடு பேசுவதில்லை, சாப்பாட்டை மட்டும் மூடி வைக்கிறாள். நீ ரயிலில் பள்ளிக்கூடம் போய் வருகிறாயாம். காதை மூடித் தொப்பி போடு.

நீயும் சுலக்சனும் எங்கள் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்டில் இருந்து பார்த்த அந்த ஜப்பான் கார்ட்டூனைப் பன்னிரண்டு பாகமும் பார்த்து முடித்தேன். சீ, என்ன கோதாரி அது! முகத்தில் பாதி கண். சாக்ஸபோன் ஊதுகிற பெட்டையும் பியானோ வாசிக்கிற பொடியனும் மழைக்குள் நின்று ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், ஒரு சொல் பேசமாட்டார்கள், பிறகு ஓடிப்போய் ஜாஸ் வாசிக்கிறார்கள். இதைப் பார்த்துத்தான் நீ சாக்ஸபோன் கேட்டாய், இதைப் பார்த்துத்தான் அவன் கீபோர்ட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான் என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ஏழாம் பாகத்தில் ஒரு தகப்பன் வருகிறான். ஒரு நிமிடம்தான். படியில் நின்று கத்திவிட்டுப் போய்விடுவான். அவன் முகத்தை ஒழுங்காகக் கீறக்கூட இல்லை, திறந்த வாய் மட்டும்தான். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழும்பிப் போய் முகம் கழுவினேன்.

நீ வீட்டை விட்டுப் போன அன்றைக்கு வீடு வீடாகக் கொண்டுபோகும் மாதாவின் சுருவச் சிலை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. மேலே முப்பது பேர் செபமாலை சொல்ல, கீழே நீயும் சுலக்சனும் வாசித்த சத்தம் ஹீற்றர் காற்று வரும் துவாரத்தால் ஏறி வந்தது. செபமாலைக் குழுத் தலைவர் றெமிஜியஸ் அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். இறங்கி வந்தேன். வாசிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு ஏறியிருக்கலாம். நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பைக் கண்டதும் வாய் வேறெங்கோ போனது. "உன்ர அப்பா ஊரில என்ன தொழில் செய்தவர்?" என்று சுலக்சனைக் கேட்டேன். "அப்பா இஞ்சை பஸ் ஓடுறார், அங்கிள்" என்றான். "இஞ்சை இல்லை, ஊரில. உன்ர கொப்பன்ர தகப்பன்?" என்று விடாமல் கேட்டேன். "பனை மரம் ஏறினவராம், அங்கிள். ஒரு நாளைக்கு நாற்பது மரம் ஏறுவாராம்" என்று அந்தப் பிள்ளை பெருமையாகச் சொன்னது. இங்கே பிறந்தவன், நான் சாதி கேட்கிறேன் என்று அவனுக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கியது.

பக்கக் கதவால் வெளியே போகச் சொன்னேன். சப்பாத்து மேலே முன்வாசலில் கிடக்குது என்றான். "சனத்துக்குள்ளால நீ வரத் தேவையில்லை, போ" என்று அவனுக்குச் சொன்னேன். மழைக்குள் வெறும் சொக்ஸோடு போனான். நீயும் வெறுங்காலோடு அவன் பின்னால் போனாய்.

நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் மேலே வந்தபோது செபமாலை நின்றிருந்தது. மூன்றாம் தேவ இரகசியத்தின் நடுவில் முப்பது பேரும் வாயை மூடிக்கொண்டு, அந்தப் பிள்ளையின் மறுமொழியைக் கேட்கத் துவாரத்துக்குக் காது கொடுத்திருக்கிறார்கள். மாதா முன்னால்! அருள்நாயகி அன்ரி "நல்ல வேலை செய்தனீர் தம்பி" என்று முதுகில் தட்டினார். பிறகு விட்ட இடத்திலிருந்து மிச்சச் செபத்தைச் சொல்லி, றோல்ஸ் தின்று, கை துடைத்தார்கள். நான் றோல்ஸைத் தொடவில்லை. ஆனால் அன்ரி தட்டியபோது நான் ஓம் என்று தலையாட்டினேன் மகள். அதை நினைக்க இப்போதும் என்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

எல்லோரும் போனபின் வாசலில் ஒரு சோடி சப்பாத்து மிஞ்சிக் கிடந்தது. அம்மா அதைத் தொடவிடவில்லை. "நீங்கள்தான் கொண்டுபோய்க் குடுக்கோணும்" என்று எனக்குச் சொன்னாள். அதுதான் அவள் என்னோடு கடைசியாகப் பேசியது.

நேற்று சப்பாத்தை எடுத்துக்கொண்டு அஜின்கோர்ட்டில் சுலக்சன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அப்பா இரத்தினவேல் பஸ் உடுப்போடு கதவைத் திறந்தார். சப்பாத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உள்ளை வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்" என்றார். என் அப்பா அப்படி ஒரு வீட்டில் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. நான் குடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வெறும் தேத்தண்ணி, சீனி கொஞ்சம் கூட. தூ, இதற்காகவா ஐம்பத்தாறு வயதுவரைக்கும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தேன்? மன்னிப்புக் கேட்கப் போனவன், சப்பாத்தை வைத்துவிட்டுக் கேட்காமலே எழும்பி வந்தேன். சுலக்சன் அறையை விட்டு வரவில்லை.

உன் சாக்ஸபோன் விட்ட இடத்திலேயே இருக்கிறது. அவனையும் கூட்டிக்கொண்டு வா. முன்வாசலால் வாருங்கள். நான் மேலே துவாரத்துக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டிருந்து கேட்பேன். நீ கூப்பிடாமல் படி இறங்கமாட்டேன்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். அவனையும்.

அப்பா
அமிர்தநாதர்