நைனா பார்க்காத கை

நைனா,

இன்று காலை எர்ணாவூரிலிருந்து வரும் பஸ் காசிமேட்டில் நின்றபோது, ஐஸ் வண்டி ஒன்று தண்ணீர் சொட்டச் சொட்ட ஜன்னலை ஒட்டிப் போனது. குளிர் முகத்தில் பட்டதும் வலது கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் யாரிடமிருந்து மறைக்கிறேனோ, தெரியவில்லை.

எனக்கு அப்போது ஆறு வயசு. அம்மா சோறு வடித்து வைத்த கொதிக்கும் கஞ்சிச் சட்டியை இழுத்து வலது கையில் கொட்டிக்கொண்டேன். நீ என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது ஆஸ்பத்திரிக்கு இல்லை, துறைமுகத்துக்கு. விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறவன் நீ. எதையும் ஐஸில் வைத்தால் கெடாது என்பதுதான் உனக்குத் தெரிந்த வைத்தியம். மீன் பெட்டியில் கொட்டியிருந்த ஐஸுக்குள் என் கையைப் புதைத்து, அழுகை நிற்கும் வரை பிடித்திருந்தாய். வலி போய்விட்டது என்று சிரித்தாயாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உன்னை நிற்க வைத்துத் திட்டினார். குழாய்த் தண்ணீரில் காட்டியிருந்தால் போதுமே, ஐஸ் வைத்ததால் புண் இன்னும் ஆழமாகிவிட்டதே என்றார். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். மூன்று விரல்கள் தேறின. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைப் பக்கம் மடங்கியே நின்றுவிட்டன. தினமும் எண்ணெய் தடவி அந்த இரண்டையும் நீவி நீவி நிமிர்த்தப் பார்ப்பாய். பிறகு போய் அதே ஐஸை அள்ளிக் கொட்டுவாய். வேறு வேலை உனக்குத் தெரியாது.

சாப்பிடும்போது என் கை கண்ணில் பட்டுவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாய். அதற்காகத்தான் மறைக்க ஆரம்பித்தேன். நீ சாப்பிட்டு முடித்த பிறகே உட்காருவேன். கொஞ்சம் வளர்ந்ததும் விரலை நீவிவிடவும் விடவில்லை. பெரிய சாமர்த்தியசாலி என்று எனக்கே நினைப்பு. உன்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

உன்னை வாசலில் கிடத்தியிருந்தபோதுதான் அம்மா சொன்னாள். "உன் நைனாவுக்குக் கடைசி வரைக்கும் அதே பேஜாருதான். 'அதுக்கு எம்மேல கோவம் கீது, அதான் எங்கிட்ட கைய காட்ட மாட்டேங்குது'ன்னு சொல்லிகினே இருந்தாரு."

உனக்கு வலிக்கக் கூடாது என்று நான் கையை மறைத்த ஒவ்வொரு வேளையும் உன்னைத் தண்டித்திருக்கிறேன், நைனா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு தடவை உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அத்தனை பேர் நடுவில் அந்தக் கையை வெளியே எடுத்து உன் முகத்துக்கு நேரே கொண்டுபோனேன். "பாரு நைனா, கோவமே இல்ல" என்றேன். உன் கண்களை அதற்கு முன்பே மூடிவிட்டிருந்தார்கள். பாதி அரிசி உன் வாயில் விழுந்தது. விரல் விரியாததால் மீதி என் உள்ளங்கையிலேயே நின்றுவிட்டது. அதைக் கீழே போட மனம் வரவில்லை. இன்னும் வைத்திருக்கிறேன்.