துண்டுக்கு அடியில் ஐந்தாம் வகுப்பு

ஜூலை 7, திங்கள்

விடியும்போதே மழை. வாங்கி வைத்த அட்டை நமுத்துக் கிடக்கிறது. கடைக்காரன் பழைய சரக்கைப் புதுசு என்று தலையில் கட்டிவிட்டான், சந்தேகமே இல்லை. விளிம்பை முகர்ந்து பார்த்தேன். கோடவுன் வாடை. முப்பத்தைந்து வருஷம் ஆரியசாலைச் சந்தையில் மிளகுக்கும் வற்றலுக்கும் தரகு பேசிய மூக்கு இது. மூட்டையை அவிழ்க்காமலே எந்த மலை மிளகு என்று சொல்லிவிடும். (மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவை சரி.)

வேலை: வசந்திக்கு விளையாட்டுச் சாமான். அக்கா மகள். ஐந்தாம் வகுப்பு தமிழ்ப் பிரிவில் கணக்கு டீச்சர், தினக்கூலி நியமனம். அடுத்த வாரம் வியாழக்கிழமை மேலாபீசர் வகுப்பில் வந்து உட்காருவாராம். அவர் நல்லபடி எழுதினால் ஓணம் லீவுக்குப் பிறகும் அவள் டீச்சர். இல்லையென்றால் வீடு. பிள்ளைகள் கையால் செய்து படிக்க வேண்டும், போர்டில் எழுதிப் போட்டால் போதாது என்று உத்தரவு. பள்ளிக்கூடத்தில் சாமான் கிடையாது. மாமா இருக்கிறேன்.

இதுவரை செய்தவை:
- கிழக்கேகோட்டை முதல் ஆரியசாலை வரை ஒரு பலகை. பாம்பும் ஏணியும் இல்லை. ஒருவழிப் பாதை, மழைவெள்ளம், ரிப்பேரான பஸ். கணக்குச் சொன்னால்தான் காய் நகரும். என் சொந்த மூளை.
- தெர்மோகோல் பகடை 2. ஒன்றில் ஐந்து இரண்டு பக்கம் விழுந்துவிட்டது, நாலைக் காணோம். வசந்தி கவனிக்கவில்லை.
- வற்றல், புளி, மிளகு போட்ட சின்னப் பை 22. பிள்ளைக்கு ஒன்று.

சரசு கதவருகே நின்று பார்த்தாள். "ஏழாங் கிளாசு தாண்டாத ஆளு அஞ்சாங் கிளாசுக்குப் பாடம் எழுதுதாராக்கும்."

"ஏழு, அஞ்சைவிடப் பெரிசுதானே?" என்றேன்.

உள்ளே போய்விட்டாள். பெண்டாட்டியிடம் இப்படி ஒரு ஜெயம் வருஷத்துக்கு ஒன்று.

ஜூலை 8, செவ்வாய்

மழை விட்டு வெயில். பலகையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். கண்டக்டர் எழுந்து இடம் கொடுத்தார். (கொடுக்கவில்லை. பலகை இடித்து ஒரு அம்மாள் எழுந்துகொண்டாள்.)

பிள்ளைகள் எனக்கு வைத்த பேர் மாமா சார். பேரே வைக்காமல் விட்ட முதலாளிகளை எல்லாம் நினைத்துக்கொண்டேன்.

பலகை ஜோர். மழைவெள்ளக் கட்டத்தில் விழுந்தவன் அழுதே விட்டான்.

ஒன்று குறிக்க வேண்டும். மலையாளப் பிரிவு பினு சார். வாசலில் நின்று போனில் பலகையைப் படம் எடுத்தார், இரண்டு தடவை. நான் திரும்பியதும் போன் பாக்கெட்டுக்குள். சிரிப்பு வேறு. தரகில் இந்தச் சிரிப்புக்கு ஒரே அர்த்தம்: சரக்கு நம்முடையது, விலை அவனுடையது. ஆபீசர் முன்னால் தன் பலகை என்று வைப்பார். அல்லது வசந்திக்கு எதிராக மேலே அனுப்புவார்.

வசந்தியிடம் சொன்னேன். "மாமா, பினு சாரு பாவம். நீங்க யாரைத்தான் விட்டிருக்கீங்க?"

இவள் இப்படி வெள்ளையாக இருந்தால் எப்படி?

ஜூலை 9, புதன்

இன்று நடந்தது சரித்திரம்.

பெருக்கல் வாய்ப்பாட்டை இந்தப் பிள்ளைகள் கத்தியே கொல்கிறார்கள். நான் தோள் துண்டை எடுத்தேன். ஆரியசாலையில் விலை பேசும் முறையைக் காட்டினேன். இரண்டு பேர் கை கொடுக்கிற மாதிரி நிற்க வேண்டும். கைக்கு மேல் துண்டு. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நாலைப் பிடித்தால் நாலு, முழுக்கை ஐந்து. முழுக்கை பிடித்து விட்டு ஒரு விரல் பிடித்தால் ஆறு. இரண்டு இலக்கம் என்றால் நடுவில் ஒரு குலுக்கு. வாயைத் திறக்கக் கூடாது. சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு பேருக்கு மட்டும்.

வசந்தி போர்டில் கணக்கை எழுதுவாள். துண்டுக்கு அடியில் பதில் பேசிக்கொள்ள வேண்டும். ஒத்துப் போனால் மிளகுப் பை கைமாறும்.

"மாமா சார், இவ என் விரலைத் திருகுதா!"

"திருகல, அது ஏழு!"

"ஏழுன்னா முழுக்கையும் ரெண்டு விரலும்லா. ஒனக்கு வியாபாரமே வராது போ."

மற்றபடி வகுப்பில் சத்தமே இல்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ஓடி வந்தார்கள், பிள்ளைகள் எங்காவது போய்விட்டார்களோ என்று. நான் கொச்சி வரை பேரம் பேசிய கதையைச் சொன்னேன். "டீச்சரே, மாமா சொல்றதில பாதியைக் கழிச்சுக்கணும்," என்றாள் வசந்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

செல்வி என்று ஒரு பெண். தென்காசிப் பக்கம். அப்பா கட்டட வேலைக்கு வந்தவர். ஜூனில்தான் சேர்ந்தாள். வாய் திறந்து நான் பார்த்ததில்லை. ஆனால் விரலில் என்ன வேகம்! கணக்கைப் போர்டில் எழுதி முடிக்கும் முன்னே என் கையில் பதில். எனக்கே ஒரு தடவை தப்பியது. (இரண்டு தடவை.)

ஜூலை 11, வெள்ளி

சாரல். சட்டை காயவில்லை.

எல்லாம் நன்றாகப் போகிறது. அதுதான் சந்தேகம்.

வகுப்பு ரொம்ப அமைதி. துண்டை மடித்து வைத்த பிறகும் அமைதி. முன்னெல்லாம் செல்வி தனி பெஞ்சில் இருந்தாள். இன்று அந்த பெஞ்சில் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு. இடத்துக்கு அடிபிடி. ஒருத்தி புளிப் பையை லஞ்சமாகக் கொடுத்து உட்கார்ந்தாள், என் கண்ணால் கண்டேன்.

பினு சார் ஜன்னல் பக்கம் மூன்று தடவை. எண்ணினேன்.

வசந்தி போர்டைத் துடைத்துக்கொண்டே நின்றாள், துடைத்த இடத்தையே திரும்பவும். ஆபீசர் நினைப்பு, பாவம்.

ஜூலை 14, திங்கள்

ஆபீசருக்குக் காட்ட இன்று கிளாஸ் டெஸ்ட். கேள்வித்தாள் ஹெட்மிஸ்ட்ரஸ் எழுதியது. மேற்பார்வையும் அவர்களே. பத்துப் பெருக்கல். என்னை உள்ளே விடவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து கொக்கைப் பார்த்தேன்.

பினு சார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டீ வாங்கித் தந்தார். காரணமில்லாமல் டீ வாங்கித் தருகிறவனை நான் முப்பத்தைந்து வருஷமாக அறிவேன். பாதி குடித்து வைத்துவிட்டேன். நல்ல டீ.

ஜூலை 15, செவ்வாய்

தலையில் இடி.

மூன்று மணிக்கு வசந்தி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இருபத்திரண்டு தாளிலும் கிட்டத்தட்ட ஒரே விடையாம். எல்லோரும் ஒரே கேள்வியில், எட்டாவதில், ஒரே தப்பு. ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டாராம்: "வசந்தி, சத்தியம் சொல்லு. கேள்வி நீ முன்கூட்டிக் கொடுத்தோ? ஆபீசர் வரும்னு பயந்து கொடுத்தோ?"

"நான் மேசையிலிருந்து எடுத்ததா நினைக்காங்க மாமா. வியாழக்கிழமை ஆபீசர்கிட்ட சொல்லியே ஆகணும்னுட்டாங்க."

"பினு," என்றேன். "அவன்தான். தாளை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பழியை உன்மேல்..."

"மாமா!"

"டீ வாங்கித் தந்தான் வசந்தி! எதுக்கு?"

போனை நீட்டினாள். தாள்களைப் படம் எடுத்து வந்திருந்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன்.

இரண்டாம் கேள்வி. 25 பெருக்கல் 12. ஒருத்தன் 300. அடுத்தவள் 30. அதற்கடுத்தவன் வெறும் 3. ஐந்தாம் கேள்விக்கு 60, 6, 600. எல்லாத் தாளிலும் இலக்கம் ஒன்றுதான். சைபர் மட்டும் அவனவன் இஷ்டம்.

என் விரல்களை மடக்கிப் பார்த்தேன்.

சைபரை நாங்கள் பிடிப்பதில்லை. எந்தத் தரகனும் பிடிக்க மாட்டான். மூன்று விரல் பிடித்தால் மிளகுக்கு முந்நூறு, புளிக்கு முப்பது. சரக்கைப் பார்த்தாலே தெரியும், சைபரை எதற்குப் பிடிப்பது? அப்படித்தான் இவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். டெஸ்ட் தாளில் சரக்கு ஏது?

டெஸ்குக்கு அடியில் பெஞ்சு பெஞ்சாக விரலிலேயே விலை போயிருக்கிறது. துண்டுகூட இல்லாமல்.

வசந்தியிடம் சொன்னேன். என்னையே பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. திடுக்கிட்டுப் போய்விட்டாள்.

சரசு சோறு போட்டாள். அவளிடம் வயிறு சரியில்லை என்றேன்.

ஜூலை 16, புதன்

பத்து மணிக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் அறை. பினு சாரும் இருந்தார். வசந்தி சுவரோரம்.

சொன்னேன். கொச்சி இல்லை, முதலாளி இல்லை, மூக்கு இல்லை. நடந்ததை நடந்தபடி. முறை என்னுடையது, சொல்லிக் கொடுத்தது நான், டீச்சருக்கு ஒன்றும் தெரியாது.

ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றினார்கள். "சாரே, மருமகளோடு சினேகம் எனக்கு மனசிலாகும். பட்சே இது கதையல்லே?"

நம்பவில்லை. ஆயுசில் ஒரு தடவை உப்புப் போடாமல் பேசினேன், அதை நம்பவில்லை. பாதியைக் கழித்தால் என்ன மிச்சம்?

"ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்க," என்றேன்.

செல்வி வந்தாள். பினு சாரே துண்டின் மறுமுனையைப் பிடித்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு தாளில் 15 பெருக்கல் 16 என்று எழுதி அவளுக்கு மட்டும் காட்டினார்கள். துண்டுக்கு அடியில் விரல் வந்தது. இரண்டு. குலுக்கல். நாலு.

"இருபத்துநாலு," என்றேன். வேண்டுமென்றேதான்.

செல்வி வாயைத் திறந்தாள். "இல்ல மாமா சார். எரநூத்தி நாப்பது. பேப்பர்ல நம்பரு பெரிசால்ல இருக்கு."

அந்தப் பெண்ணின் குரலை இன்றுதான் கேட்டேன். கொஞ்சம் கட்டைக் குரல்.

ஹெட்மிஸ்ட்ரஸ் தாளை மடித்து வைத்தார்கள். பிறகு எழுந்து போய் வகுப்புக்கு வேறு தாள் கொடுத்தார்கள். எல்லோர் இடது கையும் தலைமேல். எழுதியவர்களில் பதினெட்டுப் பேர் சொந்தமாகவே தேறினார்கள், சைபரோடு. பினு சார் என் தோளில் தட்டினார். "அண்ணா, அந்தப் பலகை ஒண்ணு எனக்கும் செய்து தருமோ? படம் பார்த்து நான் செய்தது ஒடிஞ்சுபோயி."

அவ்வளவுதானா?

ஆனால் விஷயம் முடியவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னது, அப்படியே குறிக்கிறேன்: "டெஸ்டில் நடந்தது நடந்தது. ஆபீசருக்கு நான் மறைக்க மாட்டேன். டீச்சருக்கு அறியில்லாமல் வெளியாள் சொல்லிக் கொடுத்ததுன்னால், இவள் பிழைச்சாள். அறிஞ்சுகொண்டு விட்டதுன்னால், எனக்கு இவளை வைக்க முடியாது. நாளைக் காலையில் சார் எழுதிக் கையொப்பு போட்டுத் தரணும்."

"எப்ப வேணும்னாலும்," என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தேன். உண்மையைச் சொல்ல இவ்வளவு தெம்பு வரும் என்று யாரும் சொல்லித் தரவில்லையே.

வசந்தி வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 17, வியாழன்

வெயில். பஸ்ஸில் கூட்டம். வசந்தி ஆபீசருக்காக நல்ல சேலை.

வலியசாலை தாண்டியதும் என் காதருகே சொன்னாள். "மாமா, எழுதாதீங்க."

"ஏன்?"

"எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையே பார்த்தேன். நோட்டு எழுதும்போது டெஸ்குக்குக் கீழே கை போச்சு."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பிறகு ஏம்டி தடுக்கல?"

"ஜூன் பூரா அந்தச் செல்வி பக்கத்தில ஒருத்தி உட்காரல மாமா. விளையாட்டில எல்லாம் மலையாளம். இவளுக்கு ஒரு வார்த்தை வராது. தனியா இருந்து தனியாவே சாப்பிடும். வெள்ளிக்கிழமை அஞ்சு பேர் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் போர்டுப் பக்கம் திரும்பிக்கிட்டேன். டெஸ்டிலயும் செய்வாங்கன்னு நினைக்கல. நினைச்சிருக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "நான் சொல்லிருதேன். நீங்க பொய் எழுத வேண்டாம்."

முப்பத்தைந்து வருஷம். கடைக்காரன், கண்டக்டர், பினு, டீ. எல்லோரையும் நோண்டினேன். பக்கத்தில் நின்று போர்டைத் துடைத்தவளைப் பார்க்கவில்லை.

நேற்று நான் சொன்ன ஒரே உண்மை, உண்மையாக இல்லாமல் போயிற்று.

பள்ளிக்கூடம். ஆபீசர் வந்து விட்டார், அறையில் டீ குடிக்கிறார். ஹெட்மிஸ்ட்ரஸ் வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்தார்கள். வசந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "மணி அடிச்சாச்சு, கிளாசுக்குப் போ," என்றேன். நின்றாள். "போம்மா, பிள்ளைங்க காத்திருக்கு." போனாள்.

எழுதினேன். என் பேர், முறை, துண்டு, விரல். கடைசி வரி: டீச்சருக்கு இது எதுவும் தெரியாது. அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். எழுத்து நேராகத்தான் இருந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார்கள்: "இதில் பாதி கழிக்கணுமோ சாரே?"

"ஒண்ணும் கழிக்க வேண்டாம்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.