நாற்பது குதிரையும் இரண்டு மணல் மூட்டையும்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுகிறேன். நானும் தம்பியும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், இந்த வாரம் அந்தச் சொல் கைக்கு வரவில்லை. உன் விரல் காயம் ஆறியதா, குளிரில் காதை மூடிக்கொண்டுதானே வேலைக்குப் போகிறாய்.

எதிர்வீட்டு நெட்டையன் கடலில் செத்துப்போன செய்தியைத் தம்பி போனில் சொல்லியிருப்பான், எப்படிப் போனான் என்று சொல்லியிருக்க மாட்டான். நீ தம்பிக்கு வாங்கித் தரப்போகிறாயே, அதே அலுமினியப் படகுதான் அவனுடையதும். பதினைந்து குதிரைத்திறனுக்கு மேல் மோட்டார் மாட்டக் கூடாது என்று உள்ளேயே தகடு அடித்திருக்கிறது. இவன் நாற்பது மாட்டினான், கடைக்காரனும் பல்லைக் காட்டிக்கொண்டு மாட்டிக் கொடுத்தான். அந்தக் கனத்தில் பின்பக்கம் அமுங்கி மூக்கு வானத்தைப் பார்த்தது. அதற்கு நம் கரை ஆட்களின் வைத்தியம் உனக்குத் தெரியும், மூக்கில் இரண்டு மணல் மூட்டையை இறுக்கிக் கட்டிவிடுவார்கள். படகு நேராகிவிடும், ஆனால் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்கூட மிஞ்சாது. அன்றைக்கு மீனும் நிறைய. கரைக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்ததும் பின்னால் வந்த அலை உள்ளே ஏறிவிட்டது. மூட்டையை அவிழ்க்க நேரம் கிடைக்கவில்லை. கரையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தோம்.

மீன்துறை ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார், ஜீப்பை விட்டு இறங்காமலே அலைதான் காரணம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அலையைக் கைது செய்ய முடியாதே, எல்லோருக்கும் வசதி. ஏன் நாற்பது மாட்டினான் என்று ஒருவரும் கேட்கவில்லை. மீன் வாங்குகிற கம்பெனி லாரி முதலில் வருகிற படகுகளுக்குத்தான் நல்ல விலை போடுகிறது, பிந்தி வருகிறவன் மீனைக் கருவாட்டு விலைக்குக் கேட்கிறது. லாரிக்காரன் கரையில் டீ குடித்துக்கொண்டு நிற்கிறான், நம் பிள்ளைகள் அவன் முன்னால் ஓட்டப்பந்தயம் ஓடுகிறார்கள். நெட்டையன் பெண்டாட்டி நேற்று நான் வேலை பார்க்கிற ஐஸ் பேக்டரிக்கு வேலை கேட்டு வந்தாள். கையுறைகூட இல்லாமல் ஐஸ் கட்டியை உடைக்கிறாள், வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தம்பி நாற்பதுதான் வேண்டும் என்கிறான். தகட்டைக் காட்டினேன், "அது குளத்துல தூண்டில் போடுறவனுக்கு எழுதுனதும்மா" என்கிறான். நானே கடைக்குப் போய்ப் படகுகளைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். "என்னம்மா, மருமக பாக்க வந்த மாதிரி பாக்கறீங்க" என்று கடைக்காரன் சிரித்தான். மருமகள் சரியில்லையென்றால் சண்டைதான் வரும், இது சரியில்லையென்றால் பிணம் வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பக்கச்சுவர் உயரமான, தகடு தடித்த படகு ஒன்று மூலையில் கிடக்கிறது. பார்க்க எருமை மாதிரி இருக்கும், மெதுவாகத்தான் போகும். அதற்குப் பதினைந்து குதிரை மோட்டார் போதும், சாயங்காலம் மோட்டாரைக் கழற்றித் தனி ஆளாகத் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம். பிந்தி வந்து மீன் விலை குறைந்தால் குறையட்டும். நான் சொன்னால் தம்பி, பொம்பளைக்கு என்ன தெரியும் என்கிறான், உன் பேச்சு ஒன்றுதான் அவன் காதில் ஏறும். நாற்பது என்றால் படகே கிடையாது என்று அவனிடம் சொல். கடைக்காரனிடமும் சொல். தம்பி உன்னோடு பேசாமல் போனாலும் பரவாயில்லை, பேசாத தம்பி இருக்கட்டும்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், போன இடத்தில் உன்னை நாலு பேர் மனிதனாக நடத்த வேண்டும், வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதே, கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. படகு இன்னும் கடையில்தான் இருக்கிறது, ஆனால் வீட்டுப் பின்பக்கம் தம்பி இப்போதே இரண்டு மணல் மூட்டை கட்டி வைத்துவிட்டான். முந்தாநாள் இரண்டையும் கத்தியால் கிழித்துக் கொட்டினேன். இன்று காலையில் பார்த்தால் அதே மணலை அள்ளி மறுபடி கட்டியிருக்கிறான், இந்த முறை இரட்டைச் சாக்கு.

உன் வரவையும் அவன் உயிரையும் எதிர்பார்த்திருக்கும்
அம்மா