பருப்பு வேகாத உயரம்

20-6-88
காலையில் பால் வாங்கப் போகும் முன்பே அட்லஸைத் திறந்து லடாக்கில் லே நகரத்தைத் தேடினேன். பதினெட்டு வருஷமாகப் புவியியல் நடத்துகிறவளுக்குத் தெரியாத இடமா? இருந்தும் விரல் வைத்துப் பார்த்தேன். தையல் டீச்சர் ஞானசௌந்தரி கோடை விடுமுறை முழுக்க அங்கே இருந்துவிட்டு வந்திருக்கிறாள். வீட்டுக்காரருக்கு அங்கே மாற்றலாம். நான் ஏறிய அதிகபட்ச உயரம் ஏலகிரி.

23-6-88
ஓய்வறையில் அவளைச் சுற்றிக் கூட்டம். மூக்கில் தோல் உரிந்திருக்கிறது. அதுகூட அவளுக்கு அழகாக — சீ.

4-7-88
"பீடபூமி பாடத்தைச் சௌந்தரியே பேசட்டுமே, நேர்ல பாத்தவ" என்றார் தலைமையாசிரியை. என் ஒன்பதாம் வகுப்பில். மேசை மாதிரி தட்டை என்று நான் எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன்.

"தட்டையா? ஏறி எறங்கியே முட்டி போச்சு. குக்கர் இல்லாம பருப்பு வேகாதுடி" என்றாள் சௌந்தரி. பிள்ளைகள் சிரித்தார்கள்.

நான் எழுந்து, "சராசரி உயரம் எவ்வளவு டீச்சர்?" என்றேன்.

"அது உங்களுக்குத்தான் தெரியும்கா. எனக்கு மூச்சு வாங்குனதுதான் தெரியும்."

அவள் கிண்டல் செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை.

28-9-88
காலாண்டு விடைத்தாள்கள். 'பீடபூமி என்றால் என்ன?' ஐந்து மார்க். வெள்ளானூரிலிருந்து வரும் நாகவல்லி, 'உயரமான நிலம். அதன் மேலும் மலை, பள்ளத்தாக்கு உண்டு. காற்று மெலிந்திருப்பதால் பருப்பு வேகாது' என்று எழுதியிருக்கிறாள். விடைக்குறிப்பில் இல்லை. பூஜ்யம். சௌந்தரி சொன்னது என்று தெரிந்துதான் போட்டேன்.

10-10-88
நாகவல்லியின் அப்பா செங்கல்வராயன் தாளில் கையெழுத்துப் போடாமல் நேரே கொண்டுவந்தார். முப்பத்திரண்டு. தேற முப்பத்தைந்து.

"படிப்பு ஏறல டீச்சர். ஊட்ல சும்மா கீறதுக்கு அம்பத்தூர் துணி எக்ஸ்போர்ட் கம்பெனில நூல் பிசிறு வெட்டட்டும். வர்ற திங்கக்கெழமை சேர்றா."

"ஒரு பரீட்சைதானே?"

"நீங்க போட்ட மார்க்குதானே இது?"

தாளை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

11-10-88
நாகவல்லியின் தாள் மேல் வருகைப் பதிவேட்டை வைத்து மூடினேன்.

12-10-88
அவள் எழுதியதை மறுபடி படித்தேன். சரியான விடை. நான் நடத்தியதைவிடச் சரி. இன்னமும் சௌந்தரியைப் பார்த்தால் எரிகிறது, அது வேறு.

ஐந்தும் போட்டால் முப்பத்தேழு. திருப்பிக் கொடுத்த தாளில் மார்க்கை மாற்றக் காரணம் எழுதித் தலைமையாசிரியையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். 'கூட்டல் பிழை' என்றால் யாரும் கேட்கப் போவதில்லை.

நான் அப்படி எழுதப் போவதில்லை. விடை சரி, சௌந்தரி மேல் இருந்த பொறாமையில் பூஜ்யம் போட்டேன் — இப்படியே எழுதி நாளைக்கு நீட்டுவேன். பிறகு தாளோடு நானே வெள்ளானூர் போவேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை.