பங்களா பக்கம் ஒரு சன்னல்

அன்பு மகளுக்கு,

பங்களா மாடியில், தையல் மிஷின் மேல் தாளை வைத்து உன் அப்பா எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும். உன் அம்மா நன்றாக இருக்கிறாள். இந்த வரியை மட்டும் அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். இனி வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனை எடுத்தால் அவள் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். உடம்புதான் படுத்திருக்கிறது, காது எழுந்து உட்கார்ந்திருக்கிறது. "அவகிட்ட என்ன குசுகுசுன்னு?" என்பாள். எனக்குப் பொய் வராது, வந்தாலும் திக்கும். அதனால் கடிதம். ஓட்டல் திரைச்சீலைகளை வெட்டாமல் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். மேனேஜர் வந்தால் அளவு குறிக்கிறேன் என்பேன். அந்தப் பொய் மட்டும் சரளமாக வரும்.

மூச்சிரைப்புக்காகப் போன வாரம் டாக்டரிடம் போனோம். "இனிமே பத்தியம் எதுவும் வேணாம்மா. மாத்திரையும் பாதி குறைச்சிடலாம். மனசுக்கு என்ன தோணுதோ அதைச் செய்ங்க" என்றார். உன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். திரும்பி வரும்போது ஆட்டோக்காரரிடமும் சொன்னாள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு எப்படி இருந்ததோ தெரியவில்லை, ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், என்ன வேண்டும் கேள் என்றேன். தின்பண்டமோ புதுத்துணியோ கேட்பாள் என்று நினைத்தேன். துணி என்றால் என் கையிலேயே இருக்கிறது பார். "இந்தச் சுவத்துல ஒரு சன்னல்" என்றாள்.

(ஒரு நிமிடம் எழுந்து போய் வந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.)

நம் ஊரில் பங்களாவைப் பார்த்து எந்த வீட்டுக்கும் சன்னல் இல்லாதது நீ பிறந்ததிலிருந்து பார்த்ததுதான். வாசலெல்லாம் பின் சந்தில். கோபித்துக்கொண்ட மாமனார் மாதிரி ஊரே திரும்பி உட்கார்ந்திருக்கிறது. பங்களாவைக் கட்டிய துரை போட்ட உத்தரவு. ஏன் போட்டான் என்பதற்கு ஆளுக்கொரு கதை. துரைசாணி தோட்டத்தில் தலை உலர்த்துவதை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக என்பார்கள் சிலர். சன்னல் வழியாக எவனாவது சுட்டுவிடுவான் என்ற பயம் என்பார் அடுத்த வீட்டு லாரி டிரைவர்; அவர் கதைகளில் எப்படியும் ஒரு துப்பாக்கி வந்துவிடும். ஓட்டல்காரர்கள் மாடிப்படியில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் வரலாற்றிலோ, ஊர்மக்கள் மரியாதை காரணமாகத் தாங்களே சன்னல் வைக்கவில்லை என்று இருக்கிறது. துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு தினமும் அதைத் தாண்டித்தான் ஏறுகிறேன். மரியாதைக்காக இருட்டில் உட்கார்ந்த ஊர் உலகத்திலேயே நம்முடையதுதான் போலிருக்கிறது.

துரை போனான். பங்களா கோர்ட்டாயிற்று, பிறகு தானியக் கிடங்கு, பிறகு ஆஸ்பத்திரி, இப்போது ஓட்டல். இடையில் எந்த வருஷம் வேண்டுமானாலும் நாம் சுவரை உடைத்திருக்கலாம், கேட்க ஆளில்லை. உடைக்கவில்லை. உன் தாத்தா அந்தச் சுவரில் அலமாரி வைத்தார். நான் காலண்டர் மாட்டினேன். என் பங்குக்கு அவ்வளவுதான் புரட்சி. இப்போது என்னடா என்றால், அந்த மொட்டைச் சுவர் வரிசையைப் படம் பிடிக்க ஆட்கள் வருகிறார்களாம். பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கிற அலுவலகம் எல்லாச் சுவருக்கும் நம்பர் போட்டுவிட்டது. தொட்டால் குற்றம். அன்றைக்குத் துரைக்காக, இன்றைக்குத் துரையின் ஞாபகத்துக்காக.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். "ஏண்ணே, உள்ள போறதுன்னா நீங்க மட்டும் போவீங்களா, என்னையும் சேத்துக்கிட்டா?" என்று கேட்டார். சேர்ந்து போனால் பேச்சுத்துணையாக இருக்கும் என்றேன். உளியை வைத்தார். காரை உதிர்ந்து கொஞ்சம் செங்கல் வந்ததும் கை நின்றுவிட்டது. "அண்ணே, இங்க வந்து பாருங்க" என்றார். குரலே மாறியிருந்தது.

சுவருக்குள் ஒரு மரச்சட்டம். கறுத்திருந்தது, ஆனால் உளுத்துப்போகவில்லை. கம்பி நின்ற துளைகளும் தாழ்ப்பாள் இருந்த தடமும் அப்படியே இருந்தன. அங்கே ஏற்கனவே ஒரு சன்னல் இருந்திருக்கிறது, கண்ணு. யாரோ அவசர அவசரமாக அடைத்திருக்கிறார்கள். கலவையில் அந்த ஆளின் விரல் பதிந்திருந்தது. பங்களாவுக்கு வேலை செய்ய வந்தவர்களால் உண்டான ஊர் என்றுதானே நீ பள்ளிக்கூடத்தில் படித்தாய்? நானும் படித்தவரைக்கும் அப்படித்தான் படித்தேன். ஊர்தான் முதலில் இருந்திருக்கிறது, கண்ணைத் திறந்துகொண்டு.

அன்று முழுக்க லாரி டிரைவர் தன் வீட்டுச் சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "சுவரு என்ன பேசுது? நான் பேசறத என்னைக்காவது இப்படிக் கேட்டிருக்கீங்களா?" என்று அவர் சம்சாரம் கேட்டது நம் வீடு வரைக்கும் கேட்டது. உன் அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு வெறும் இருமல்.

மறுநாளே அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். என்ன பேச வேண்டும் என்று இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். வந்ததும் "வாங்க, உக்காருங்க" என்பதோடு என் சொற்பொழிவு முடிந்துவிட்டது. பழமையான சுவர், உடனே அடைக்க வேண்டும் என்றார் அவர். படுக்கையிலிருந்து உன் அம்மா, "ஏம்மா, பழசைத்தானே காப்பாத்தணும்? சன்னல் அந்தச் சுவத்தவிடப் பழசு. அப்ப எதை எடுக்கணும்?" என்றாள். அதிகாரி சன்னல் கிட்டே போய்ச் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். கலவையில் பதிந்திருந்த விரல் தடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தார்.

பிறகு, மாசக் கடைசியில் கமிட்டி வரும், அவர்கள் பெரும்பாலும் அடைக்கத்தான் சொல்வார்கள், அதுவரைக்கும் தான் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். "மாசக் கடைசியா? அதுவரைக்கும் போதும்மா" என்றாள் உன் அம்மா, இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றட்டுமா என்று கேட்டவரிடம் சொல்வது போல. நான் செங்கல்லை அடுக்கி வைக்கிறேன் என்று சந்துக்குப் போய்விட்டேன். ஏற்கனவே அடுக்கியிருந்த செங்கல்தான். கலைத்து மறுபடி அடுக்கினேன்.

எழுந்து எழுந்து போகும் காரணத்தைச் சொல்கிறேன் என்றேனே. இந்தத் தையல் அறைச் சன்னலும் நம் சன்னலும் நேருக்கு நேர். பகலில் டிரைவர் சம்சாரம் உன் அம்மாவுக்குத் துணை இருக்கிறாள். இருந்தாலும், ஏதாவது என்றால் சிவப்புத் துண்டை வெளியே போடு என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஓர் ஓரம் தைத்து முடிப்பதற்குள் பல தடவை எட்டிப் பார்த்துவிடுகிறேன். நேற்று ஒரு திரைச்சீலையோடு என் சட்டைக் கையையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். மேனேஜர்தான் வெட்டி விடுதலை செய்தார். முந்தாநாள் துண்டு தொங்கியது. கழுத்தில் அளவு நாடாவோடு படியிறங்கி ஓடினேன். தீப்பிடித்துவிட்டது என்று ஓட்டல் விருந்தாளிகள் சிலரும் என்னோடு ஓடி வந்தார்கள். போய்ப் பார்த்தால் துண்டைக் காயப்போட்டிருக்கிறாள். "நல்ல வெயிலு அடிக்குது" என்றாள்.

ஓட்டலுக்கு யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று பார்த்தால் பொழுது போகிறது என்று எல்லோரிடமும் சொல்கிறாள். நானும் நம்பினேன். இங்கிருந்து பார்க்கும்போதுதான் புரிந்தது, அவள் முகம் பங்களா பக்கம் திரும்புவதே இல்லை. நான் கையை ஆட்டினாலும் கவனிப்பதில்லை. ஓட்டல் கேட்டுக்கு வெளியே பஸ் நிற்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பஸ் வந்தால் தலையணையை நிமிர்த்தி உட்காருகிறாள். கடைசி ஆள் இறங்கி பஸ் கிளம்பியதும் சாய்ந்துகொள்கிறாள்.

உனக்கு வேலை புதிது, லீவு கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். "அவளை வரச்சொல்லி எழுதினீங்க, அப்புறம் எங்கிட்டப் பேசவே வேணாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இப்போது அவள் பேசாமல் இருந்தால் என்னால் தாங்க முடியாது. ஆகவே நான் அப்படி எதுவும் எழுதவில்லை.

பொதுவாக ஒரு தகவல் மட்டும். ஸ்டேஷனிலிருந்து வரும் பஸ் இப்போது காலையிலும் உண்டு, சாயங்காலமும் உண்டு. இரண்டும் கேட்டுக்கு எதிரில்தான் நிற்கும். இறங்குகிறவர்கள் பெட்டியைத் தரையில் வைப்பதற்கு முன்னால் நம் சுவர் பக்கம் திரும்பி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் நல்லது. சாயங்காலம் வெயில் அவள் கண்ணில் நேராக அடிக்கிறது, இறங்குகிறவர்களின் முகம் சரியாகத் தெரிவதில்லை. காலை பஸ்தான் வசதி.

நீ எப்போதும் நன்றாக இருக்க வேண்டும், கண்ணு.

உன் அப்பா