கதவுக்கு வெளியே கடல்

நாவற்குடா,
12.02.2024

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் மகள் யதுர்ஷாவும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க மாமாங்கப் பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

போனில் உங்கள் குரலைக் கேட்டால் சொல்வதையெல்லாம் நம்பிவிடுகிறேன். வைத்த பிறகுதான் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை என்று தெரிகிறது. ஆகவே நீங்கள் போனில் தந்த விலாசத்துக்கு எழுதுகிறேன்; நீங்களும் இனி எழுதுங்கள்.

போன ஆடியில் கனடாவுக்கென்று புறப்பட்டீர்கள். வழியில் கயானாவில் இரண்டு கிழமை நிற்கவேண்டும் என்றீர்கள். பிறகு ஏஜென்ட் காணாமற்போய்விட்டான் என்றீர்கள். பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்றீர்கள். இப்போது வேலை கிடைத்திருக்கிறதாம். அட்லசில் கயானாவைத் தேடினேன். தென் அமெரிக்காவின் தலைமாட்டில், வெனிசுவேலாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பதினைந்து வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறேன். ஒருநாளும் அந்த இடத்தில் விரல் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டியதில்லை.

மாமி ஞாயிறுதோறும் ஆரையம்பதியிலிருந்து வந்து, "என்னவாம் உன்ட புருசன்?" என்று, பெற்ற மகனை யாரோ போலக் கேட்கிறா. பள்ளிக்கூடத்தில் றஜனி ரீச்சர், "அங்க ஆரையும் கண்டிட்டாரோ?" என்று பகிடி விட்டா. நானும் சிரித்தேன். மறுகா சிரிப்பு வரவில்லை.

அது எப்படிப்பட்ட இடம், அங்கே என்ன செய்கிறீர்கள், ஏன் வரவில்லை? மூன்றுக்கும் பதில் வேண்டும்.

உங்கள்
தக்ஷாயினி

•

கொரன்டைன் கரை, பெர்பிஸ், கயானா
20.03.2024

என் தக்ஷாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைக் கண்டதும் பரீட்சைத் தாள் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

நான் இருப்பது நெல்லும் கரும்பும் விளையும் கரை. இங்கே கடல் நீலமில்லை. அமேசன் ஆறு கொண்டுவரும் சேற்றால் பால்விட்ட தேத்தண்ணி நிறம். கடல் ஏறும் நேரத்தில் ஊர் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. நம்மட ஊர்க் கோட்டையில் இருந்த அதே ஒல்லாந்தர், ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து, அணை கட்டுவித்து வாய்க்கால் வெட்டுவித்திருக்கிறார்கள். வாய்க்கால் கடலைத் தொடும் இடத்தில் ஒரு பெரிய மரக்கதவு. கோக்கர் என்கிறார்கள். கடல் வற்றும்போது கதவைத் தூக்கி வயல்தண்ணியை வெளியே விட வேண்டும். கடல் ஏறமுன் இறக்கி மூட வேண்டும். அதுதான் என் வேலை.

முதலாளியின் பெயர் மூன்சாமி. முனிசாமிதான் நாலு தலைமுறையில் அப்படி ஆகியிருக்கிறது. அவருடைய ஆட்கள் மதராசில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். மாரியம்மன் கோயிலில் தப்படித்துத் தமிழ்ப்பாட்டுப் பாடுகிறார்கள்; ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. "நீ சொல்லு" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் பாதி விளங்கவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

இங்கே எனக்கு ஒருத்தரும் இல்லை. றஜனி ரீச்சரிடம் சொல். திரும்பிவர டிக்கட் கேட்டால் மூன்சாமி எடுத்துத் தருவார். நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்கே விளங்கவில்லை.

உன்
உதயரூபன்

•

நாவற்குடா,
05.05.2024

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு குழப்பம் இன்னும் கூடிவிட்டது.

கல்யாணம் முடித்துப் பன்னிரண்டு வருடம். ஒருநாளாவது எங்களோடு கல்லடிக் கடற்கரையில் இறங்கினீர்களா? யதுர்ஷா மணலில் விளையாட அழுதபோதும் ரோட்டில் மோட்டார் சைக்கிளோடே நின்றீர்கள். சுனாமியில் தம்பி நிதுர்ஷனைப் பறிகொடுத்தவர் என்று நானும் வற்புறுத்தவில்லை. அப்படிப்பட்டவர் கடலுக்குக் கீழே வாழ்கிறேன் என்று எழுதுகிறீர்கள். அதுவும் கோயில் திருவிழாவைப் பற்றி எழுதுவது போல.

நான் கோபிக்கவில்லை. எனக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். நான் யாரோடு குடும்பம் நடத்தினேன்?

தக்ஷாயினி

•

கொரன்டைன் கரை
16.06.2024

தக்ஷா,

நீ கேட்டதற்குப் பதில் எழுத ஐந்து நாள் எடுத்தது. இதை வாசித்துவிட்டு என்னவாவது நினைத்துக்கொள்.

அலை தம்பியை என் கையிலிருந்து பறித்தது என்று அம்மாவுக்கும் உனக்கும் சொல்லியிருக்கிறேன். பறிக்கவில்லை. எனக்குப் பதினாறு வயது, அவனுக்கு ஒன்பது. தென்னையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. நான் விட்டேன். விடுகிறேன் என்று தெரிந்துதான் விட்டேன்.

இங்கே முதன்முதல் கதவை இறக்கிய அன்று, வெளியே கடல் என் நெஞ்சளவுக்கு ஏறி நின்றது. உள்ளே நான் காய்ந்த மண்ணில் நின்றேன். ஒரு சொட்டுத் தண்ணியும் உள்ளே வரவில்லை. அங்கேயே குந்தியிருந்து அழுதுவிட்டேன். மூன்சாமி வந்து என்னவென்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசில் எல்லாவற்றையும் சொன்னேன். "அடுத்த கடற்பெருக்கு நாலு மணிக்கு. நீதான் மூட வேண்டும்" என்று சொல்லிப் போனார். மூடினேன். அன்றிலிருந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் சொல்லாததை யாரோ ஒரு மனிசனிடம் சொன்னேன். அதற்கு என்னை மன்னி. வருகிறேன் என்று எழுதி வெட்டினேன். இங்கேயே இருக்கிறேன் என்று எழுதி வெட்டினேன். நீயும் மகளும் வாருங்கள் என்றும் எழுதி வெட்டினேன். அம்மாவுக்கு மட்டும் இது தெரியவேண்டாம்.

உதயன்

•

நாவற்குடா,
28.07.2024

மச்சான்,

முந்தநாள் கடிதம் வந்தது. நிதுர்ஷனுக்காக அழுதேன். பதினாறு வயது உங்களுக்காகவும் அழுதேன். பிறகு, மூன்சாமிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று கோபம் வந்தது. இப்போது எதற்கு அழுகிறேன், எதற்குக் கோபிக்கிறேன் என்று பிரித்தறிய முடியவில்லை.

அம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்று நீங்கள் எழுதியதை நான் காப்பாற்றவில்லை. இன்று ஞாயிறு. மாமி வந்தா. குசினியில் குந்தியிருந்து செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டு, "கடதாசி வந்ததோ?" என்று கேட்டா. "ஓம், சுகமாம்" என்றேன்.

"பொய் சொல்லக்குள்ள உன்ட மூக்கு வேர்க்குது புள்ள. வாசி."

வாசித்தேன். ஒரு சொல்லும் விடவில்லை. முடியும்வரை மாமி காம்பு கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"அவன் விட்டத எனக்குத் தெரியும்" என்றா. "நான் மதிலுக்கு மேல ஏறி நிண்டு பாத்த நான். கூப்பிடக் கூப்பிட ரெண்டு பேருக்கும் கேக்கல்ல."

"மறுகா ஏன் மாமி நீங்க ஒருநாளும் சொல்லல்ல?"

"எனக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சா, அவன் என்ட முகத்தப் பாப்பானா?"

வாருங்கள் என்றோ இருங்கள் என்றோ எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை; அதை நீங்கள் சொல்லுங்கள். என்ன எழுதட்டும் என்று மாமியிடம் கேட்டேன். மிளகாய்க் கையைச் சீலையில் துடைத்துவிட்டு, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னா:

"கண்ட நான் எண்டு எழுது. கண்டுபோட்டுத்தான் இருவது வருசமா அவனுக்குச் சோறு போட்ட நான் எண்டும் எழுது."

உங்கள்
தக்ஷா